சட்டைக் காலரும் பேசும்

(மஞ்சக்குப்பத்தில் நடந்த முதியோர் நலக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காவல் ஆய்வாளர் அய்யா அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த உரிமையாளர் அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தையற்கலைஞர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். வீட்டில் ஒருவர் காணாமல் போனால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது அதுதான். இன்று இரண்டு விஷயம் சொல்ல வந்தேன்: புகார் எப்படிக் கொடுப்பது, ஊர் பேர் சொல்லத் தெரியாதவர் வீடு திரும்ப அவர் துணியில் என்ன தைத்து வைப்பது.

முதலில் புகார். 24 மணி நேரம் கழித்துத்தான் எழுதுவார்கள் என்று ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு சட்டம் இல்லை. கடலூர் பஸ் நிலையத்தில் ஏறினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் புதுச்சேரியோ விழுப்புரமோ போய்விடலாம். ஆகவே உடனே 112-ஐ அழையுங்கள், ஸ்டேஷனுக்கும் போங்கள். குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567. காணாமல் போன குழந்தைக்குக் கட்டாயம் எஃப்.ஐ.ஆர். போடவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்மையில் எடுத்த படம், உடுத்தியிருந்த உடை, மச்சம், தழும்பு, சாப்பிடும் மாத்திரை, செல் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

இனி எங்கள் சித்தப்பா கதையைச் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு. அவருக்கு அப்போதே மறதி நோய். ஒரு பிரதோஷத்தன்று சித்தியோடு பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனார். கூட்டத்தில் கை விட்டுப்போனது. பிரகாரம் சுற்றுகிறார் என்று சித்தி தூணோரம் உட்கார்ந்திருந்தது. நடை சாத்தும் நேரமாகியும் ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம். 'ஒரு நாள் ஆகட்டும்' என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார், நாங்களும் கேட்டுக்கொண்டோம். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள், புதுச்சேரி பஸ்ஸில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான், 'அது வேற மாநிலம், அங்க போய்க் கொடுங்க' என்றார்கள் இங்கே. அங்கே போனால், 'காணாமப் போனது கடலூர்லதானே' என்றார்கள். இருபது கிலோமீட்டர் சாலையில் ஒரு பகல் முழுக்க நாங்கள் போய்ப் போய் வந்தோம்.

மூன்றாம் நாள் காலை சித்திக்குப் போன். பேசியது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குத் துணி தைக்கும் அண்ணன். "அக்கா, அண்ணன் வில்லியனூர்ல இருக்காராம்!"

புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா ஒருவர், ரெண்டு நாளாக அதே படியில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் கவனித்திருக்கிறார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஊர் கேட்டால், "பாடலீஸ்வரர் கோயிலுக்கு வந்தேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வாய் இருக்கிறது, ஊர் பேர்தான் வரவில்லை. முகம் கழுவி விடும்போது காலர் மடிப்பில் தையல்கடைத் துணிச்சீட்டு அந்த அம்மா கண்ணில் பட்டது. அதில் போன் நம்பர். மகனை விட்டுப் பேசச் சொன்னார். தையல்காரர் கேட்ட முதல் கேள்வி: "இடது பாக்கெட்ல பேனாவுக்குன்னு தனியா தையல் போட்டிருக்கா, பாருங்க." இருந்தது. அதைக் கேட்டு வாங்கித் தைத்துக்கொள்பவர் எங்கள் சித்தப்பா ஒருவர்தான்.

நாங்கள் போய் இறங்கியதும் அந்த அம்மா கேட்டது, "மாத்திரை போடுறவரா? தெரியாம ரெண்டு நாள் விட்டுட்டேனே" என்று. நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. வாய் மறந்த பிள்ளைக்கு? அவர் சட்டை பேசவேண்டும். இப்போது பாதிப் பேர் ரெடிமேட் சட்டைதான் போடுகிறோம். அதன் காலரில் கம்பெனி பேர் இருக்கும், கூப்பிட நம்பர் இருக்காது. அதனால்தான் தையற்கலைஞர் சங்கத்தாரிடம் கேட்டேன். வீட்டுப் பெரியவர்களின் துணி எதுவானாலும், எந்தக் கடையில் வாங்கியதானாலும், உள்பக்கம் ஒரு நாடா தைத்து, வீட்டார் இரண்டு பேரின் நம்பரை எழுதித் தரவேண்டும். பத்து கடைக்காரர்கள் கூலி வாங்காமல் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கை தட்டுங்கள். நம்பர் மட்டும் போதும், முகவரி வேண்டாம். வேட்டிக்குக் கரையோரம், ஜாக்கெட்டுக்குக் கழுத்துப் பட்டையின் உள்ளே.

ஆய்வாளர் அய்யாவிடமும் ஒரு வேண்டுகோள். தெருவில் திரிபவர் மனநலம் குன்றியவராக இருந்தால், ஆள் காணவில்லை என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவது காவல் நிலையத்தின் கடமை என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்கிறது. அப்படி ஒருவரை அழைத்து வரும்போது காலரையும் ஜாக்கெட்டையும் திருப்பிப் பார்க்கும்படி உங்கள் காவலர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் நாடாக் கட்டும் அழியாத மை பேனாவும் இருக்கின்றன. தையல் அண்ணன்மார் இருவர் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா, அம்மாவைக் கூட்டி வந்திருப்பவர்கள் தைத்துக்கொண்டு போங்கள். கூட்டி வராதவர்கள் ஆளுக்கு நான்கு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு, இன்றைக்கு ராத்திரியே வீட்டில் தைத்துவிடுங்கள். வணக்கம்.