ஸ்மால் செல் நுரையீரல் புற்றுநோய்க்குக் கத்தி வைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் தந்தைக்கு வலது நுரையீரலின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி இருந்தது. அறுவை செய்து எடுத்த பிறகுதான் அது ஸ்மால் செல் வகை என்று தெரிந்தது. இப்போது கீமோ வேண்டும் என்கிறார்கள். எங்கள் உறவினரான ஒரு மருத்துவரோ, ஸ்மால் செல் என்றால் கத்தியே வைத்திருக்கக் கூடாது என்கிறார். நாங்கள் தவறு செய்துவிட்டோமா?"

தவறு செய்யவில்லை, அம்மா. ஆனால் உங்கள் உறவினரும் இல்லாததைச் சொல்லவில்லை. ஸ்மால் செல் என்பது சிறு செல்களாலான, வேகமாகப் பரவும் நுரையீரல் புற்றுநோய் வகை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், பயாப்ஸி அறிக்கையில் 'ஸ்மால் செல்' என்ற சொல் இருந்தாலே எங்கள் மூத்த மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே கோப்பைக் கீமோ வார்டுக்குத் தள்ளிவிடுவார். அந்தப் பழக்கத்திற்குப் பின்னால் ஓர் ஆய்வு இருந்தது. பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு 144 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, 71 பேரை அறுவைக்கும் 73 பேரைக் கதிர்வீச்சுக்கும் ஒதுக்கியது. 1973இல் வெளியான அதன் பத்தாண்டு முடிவின்படி, அறுவைப் பிரிவினர் சராசரியாக 199 நாட்களும் கதிர்வீச்சுப் பிரிவினர் 300 நாட்களும் வாழ்ந்தார்கள். அதைப் படித்த எந்த மருத்துவரும் கத்தியைக் கீழே வைக்கத்தான் செய்வார்.

ஆனால் அந்த 144 பேர் யார்? இங்கேதான் நம் வழக்கமான நேயர்களுக்குப் பழகிப்போன முறத்தை மறுபடியும் எடுக்கிறேன். புடைத்த அரிசியையும் புடைக்காத அரிசியையும் தனித்தனியாகச் சமைத்துவிட்டு, எந்த அடுப்பு நல்ல அடுப்பு என்று கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஆய்வுகளிலும் அப்படித்தான்: யார் யாரைப் பொறுக்கிச் சேர்த்தார்கள் என்று பார்க்காமல் முடிவுகளை ஒப்பிடக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் குழாயை விட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கட்டி உள்ளவர்களே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அதாவது, நுரையீரலின் நடுவில் கட்டி இருந்தவர்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் சி.டி. ஸ்கேனும் பெட் ஸ்கேனும் இல்லாத காலம். அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்குக்கூட கட்டியை முழுமையாக எடுக்க முடியவில்லை. உங்கள் தந்தையைப் போல ஓரத்தில் சிறு கட்டி உள்ளவருக்கு அந்த 199 நாள் கணக்கு பொருந்தாது. பின்னர் அமெரிக்காவில், முதலில் கீமோ கொடுத்துப் பிறகு அறுவை செய்தால் பயன் உண்டா என்று சோதித்து, இல்லை என்ற முடிவை 1994இல் வெளியிட்டார்கள். அதிலும் ஓரத்தில் தனிக்கட்டி உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள்.

உடலின் நோய் தடுக்கும் சிறு முடிச்சுகளான நிணநீர்க்கணுக்களுக்குப் பரவாத சிறு கட்டியோடு கண்டுபிடிக்கப்படுகிறவர்கள், ஸ்மால் செல் நோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர்தான். இவர்களுக்கு மட்டும் நுரையீரலின் அந்த மடலை முழுதாக எடுத்து, நடுமார்பின் கணுக்களையும் எடுத்து, பிறகு கீமோ கொடுப்பதுதான் இன்றைய வழக்கம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து இப்படிப்பட்ட 954 பேரை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. அறுவையோடு நிறுத்திக்கொண்டவர்களில் 40.4 விழுக்காட்டினரும், அதன்பின் கீமோவும் பெற்றவர்களில் 52.7 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். இங்கும் முறத்தை ஒருமுறை ஆட்ட வேண்டும்: கீமோவைத் தாங்கும் உடல்வலிமை உள்ளவர்களுக்கே கீமோ கொடுத்திருப்பார்கள், ஆகவே அந்த இடைவெளி முழுவதும் மருந்தினால் வந்தது என்று சொல்ல முடியாது. இருந்தாலும், கட்டி சிறியதாக இருக்கும்போதே இரத்தத்தில் கலந்து ஊர் சுற்றப் புறப்படுவது இந்தச் செல்களின் குணம் என்பதால், கீமோவைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பொதுவாக மூன்று வாரத்திற்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள், சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபோசைடு. இந்த எட்டோபோசைடின் மூலப்பொருள் கிடைக்கும் செடிகளில் ஒன்று நம் இமயமலைச் சரிவுகளில் வளர்வது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, கட்டியை மட்டும் குறிவைத்துச் சில நாட்களில் கொடுத்து முடிக்கிற துல்லியக் கதிர்வீச்சு உண்டு. அதனோடும் கீமோ சேரும்.

மார்புக்குள்ளேயே இருந்தாலும் கணுக்களைத் தொட்டுவிட்ட நோயின் எண்கள் வேறு. கீமோவுடன் 45 கிரே அளவு கதிர்வீச்சை நாளுக்கு இருமுறை வீதம் மூன்று வாரத்தில் கொடுத்தபோது 26 விழுக்காட்டினரும், நாளுக்கு ஒருமுறை வீதம் ஐந்து வாரத்தில் கொடுத்தபோது 16 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள் என்பது 1999இல் வெளியான முடிவு. உங்கள் உறவினர் நாளை இந்த 26ஐயும் நான் சொன்ன 52ஐயும் அருகருகே வைத்து, அப்படியானால் எல்லோருக்கும் அறுவைதானே என்று திருப்பிக் கேட்கலாம். மறுபடியும் புடைத்த அரிசி, புடைக்காத அரிசி. 2024இல் வெளியான, டுர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் முடிவும் அப்படித்தான்: கீமோ, கதிர்வீச்சுக்குப் பின் அந்த மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் (பாதிப்பேர் கடந்து வாழும் காலம்), பெறாதவர்களின் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்தது பெரிய செய்திதான். ஆனால் ஆரம்ப நிலையில் அறுவை செய்யக்கூடியவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே அந்த மருந்து உங்கள் தந்தைக்குப் பயன்படும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

சகோதரி, அறுவை சரியா தவறா என்பதைவிட நீங்கள் வேறொன்றைக் கேட்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பேன்: "ஆரம்ப நிலை என்று எதை வைத்துச் சொன்னார்கள்?" பெட் ஸ்கேனும் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்களா? கட்டியை எடுத்தபோது நடுமார்புக் கணுக்களையும் எடுத்தார்களா, அல்லது ஸ்மால் செல் என்று தெரியாததால் கட்டியோடு நின்றுவிட்டார்களா? கணுவில் புற்று இருந்தால் கீமோவோடு மார்புக்குக் கதிர்வீச்சும் பேசப்படும். நோய் மூளைக்குப் பரவாமல் தடுக்க அங்கே முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுப்பதா, நினைவாற்றல் குறையும் என்பதால் அதை விட்டுவிட்டு எம்.ஆர்.ஐ. மூலம் கண்காணிப்பதா என்ற முடிவும் இதைச் சார்ந்ததே; கணுக்கள் தூய்மையாக இருந்தால் கண்காணிப்பின் பக்கமே நான் சாய்வேன்.

அறுவைக்குப் பிந்தைய திசுப் பரிசோதனை அறிக்கையின் இரண்டாம் பக்கத்திலோ கடைசியிலோ, எத்தனை கணுக்கள், எந்தெந்த இடத்திலிருந்து, அவற்றில் எத்தனையில் புற்று என்று ஒரு வரி இருக்கும். கீமோ மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள்; அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அதையும் கேளுங்கள். தையல் ஆறியதும், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள், கீமோ தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.