மறைந்தால் மக்கியதாகுமா?

நேயர்களுக்கு வணக்கம். துணி துவைத்த வாளியை வாய்க்காலில் கவிழ்க்கிறோம். பத்தடி போவதற்குள் நுரை காணாமல் போகிறது. நுரை அடங்கிவிட்டால் அந்த ரசாயனமும் அழிந்துவிட்டதா? ஆய்வகத்தில் என் காலமெல்லாம் இந்த ஒரு கேள்வியோடுதான் கழிந்தது.

1950களில் ஜெர்மனியின் ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. அன்றைய சலவைத்தூளில் இருந்த மூலக்கூறின் கார்பன் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்தது. பாக்டீரியா வாய்வைக்க வாகான முனை இல்லை. 1961இல் சட்டம் வந்தது. 1964 முதல், நுரைக்கும் பொருளில் 80 சதவீதமாவது சிதைய வேண்டும் என்றானது. தொழிற்சாலைகள் நேர்சங்கிலிக்கு மாறின. நேர்சங்கிலியைக் கரும்பு கடிப்பதுபோல் நுனியிலிருந்து தின்றுகொண்டே போகலாம்.

தின்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ரசாயனத்தைத் தண்ணீரில் கலந்து, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றைத் துளி விட்டு, 28 நாள் வைத்திருக்க வேண்டும். வேறு சாப்பாடு கிடையாது. பாக்டீரியா தின்றால் மூச்சு விடும்; ஆக்சிஜன் குறையும். அந்தக் குறைவைத்தான் அளக்கிறோம்.

அந்தச் சேற்றை ஒருமுறை பஸ்ஸில் கொண்டுவந்தேன். உயிருள்ள சேறு, காற்று வேண்டும், ஆகவே கேனின் மூடியைத் தளர்த்தி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர், "என்ன சார், மோரா?" என்றார். நல்ல சேற்றுக்கு மழை நனைத்த மண்ணின் வாசனைதான் இருக்கும், சந்தேகம் வராது. ஆனால் ரயில்வே கேட்டில் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. வெயில் வேறு. காற்றுப் போதாமல் சேறு அழுகிய முட்டையாக நாறத் தொடங்கியது. நான் கேனைக் குலுக்க, பக்கத்து இருக்கை காலியானது. அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார்கள். மீதி தூரம் நடைதான்.

அந்தச் சேற்றையே பிடிவாதமாகப் பயன்படுத்தினேன். எளிதில் மக்கும் சோடியம் பென்சோயேட்டை ஒரு பாட்டிலில் எப்போதும் துணைக்கு வைப்போம். 14ஆம் நாளுக்குள் அது 60 சதவீதம் சிதைய வேண்டும். சிதையவில்லை. அத்தனை பாட்டிலையும் கொட்டினேன். அந்தத் துணை இல்லாதிருந்தால் பழியை ரசாயனத்தின் மேல் போட்டிருப்பேன்!

ரசாயனத்துக்கும் தேர்ச்சி 60 சதவீதம்தான். ஏன் நூறு இல்லை? நாம் உண்ட சோறெல்லாம் மூச்சாகிவிடுகிறதா? கொஞ்சம் உடம்பில் ஒட்டுகிறதல்லவா? பாக்டீரியாவுக்கும் அப்படியே.

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள்; இரண்டு நிமிடம்கூட இல்லை போலும். முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை. ஜவுளித் தொழிலில் புழங்கிய நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் ஆற்றில் பாதி உடைந்து நின்றுவிடும். நுரை போய்விடும். மிஞ்சுகிற நோனைல்ஃபீனால் மீனுக்கு மூலப்பொருளைவிடக் கூடுதல் நஞ்சு; பெண் ஹார்மோன்போலவும் வேலை செய்யும். நுரையை மட்டும் பார்த்தவர் அதற்குத் தேர்ச்சி போட்டிருப்பார். கடல்நீர்ச் சோதனை பற்றியும் குறித்து வைத்திருந்தேன். அதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.