ஒரே வீட்டில் சோதிடமும் தொலைநோக்கியும்

வணக்கம், நேயர்களே.

சோதிடம் எழுதுகிறவருக்கும் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும் வானியலாளருக்கும் இடையே காதல் மலர்ந்த கதை வரலாற்றில் உண்டா என்று என்னை அழைத்தவர்கள் கேட்டார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஜெர்மனியில் 1692ஆம் ஆண்டு நடந்த ஒரு திருமணம். மாப்பிள்ளை கோட்ஃபிரீட் கிர்க். வயது 52. மணப்பெண் மரியா மார்கரெத்தா விங்கல்மன். வயது 22. இருவருமே வானத்தைக் கணித்தவர்கள். இருவர் வேலையிலும் சோதிடம் கலந்திருந்தது. அதனால் இவர் சோதிடர், அவர் வானியலாளர் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அப்படிப் பிரிக்க முடியாததால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது.

அந்தக் காலத்து நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஒருவர் வானத்தை ஆராய்ந்து வயிறு வளர்க்க வேண்டுமென்றால் ஆண்டு நாட்காட்டி கணித்து அச்சிட வேண்டும். நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் போன்றதுதான் அது. திருவிழா நாட்கள், கிரகணங்கள், நிலவின் பிறைகள், சூரியன் எழும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். கூடவே எந்த வாரம் மழை பெய்யும், எந்த நாளில் விதைக்கலாம், எந்த நாளில் உடலிலிருந்து இரத்தம் எடுத்து நோய் தீர்க்கலாம் என்ற பலன்களும் இருக்கும். வாங்குகிறவர்கள் பலனுக்காகத்தான் வாங்கினார்கள். கிரகணக் கணக்குக்காக மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை. கிர்க் 1660களின் இறுதியிலிருந்தே இந்த நாட்காட்டிகளை வெளியிட்டு வந்தவர்.

ஆனால் அவர் வெறும் பலன் எழுதுகிறவர் அல்ல. 1680 நவம்பரில் கோபர்க் நகரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கி வழியாக முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வால்மீன் அதுதான். பிறகு அது வானில் நீண்ட வாலோடு பெரிதாகத் தெரிந்தபோது, கடவுளின் கோபம் என்று ஐரோப்பா முழுவதும் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. அதே வால்மீனின் பாதையை வைத்துத்தான் நியூட்டன் தன் ஈர்ப்பு விதியைச் சோதித்துப் பார்த்தார். ஒரே பொருள் ஒருவருக்குச் சகுனம், இன்னொருவருக்குச் சான்று.

சரி, மணப்பெண்ணிடம் வருவோம். மரியா லைப்சிக் நகருக்குப் பக்கத்தில் பானிட்ச் என்ற ஊரில் 1670இல் பிறந்தவர். அப்பா லூத்தரன் சபைப் போதகர். பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்குத் தருகிற கல்வியையே தர வேண்டும் என்று நினைத்தவர். மரியாவின் சிறு வயதிலேயே பெற்றோர் இறந்துவிட்டார்கள். பிறகு உறவினர் ஒருவர் படிப்பைத் தொடர்ந்து கொடுத்தார். வானியல் மீது ஆசை வந்தபோது மரியா போய் நின்ற இடம் பல்கலைக்கழகம் அல்ல. அங்கே பெண்களுக்கு இடம் கிடையாது. பக்கத்து ஊரான சோமர்ஃபெல்டில் கிறிஸ்டோஃப் அர்னால்ட் என்ற விவசாயி இருந்தார். பகலில் வயல், இரவில் வானம் என்று வாழ்ந்தவர். தானே படித்துத் தேர்ந்தவர். 1683ஆம் ஆண்டு வால்மீனை, அப்போது ஐரோப்பாவிலேயே பெயர்பெற்றிருந்த வானியலாளர் ஹெவேலியசுக்குச் சில நாட்கள் முன்பே பார்த்துவிட்டவர். லைப்சிக் நகர மன்றம் அவருக்குப் பணமும் வரிவிலக்கும் கொடுத்துப் பாராட்டியது. மரியா அந்த விவசாயியிடம் மாணவியாகவும் உதவியாளராகவும் சேர்ந்தார். அர்னால்டின் வீட்டுத் தொடர்பில்தான் கிர்க் அறிமுகமானார்.

மரியாவின் உறவினருக்கு வேறு எண்ணம் இருந்தது. ஓர் இளம் போதகருக்குக் கட்டிக்கொடுக்க நினைத்தார். மரியா சம்மதிக்கவில்லை. தன்னைவிட முப்பது வயது மூத்த, முதல் மனைவியை இழந்து குழந்தைகளோடு நின்ற வானியலாளரைத் தேர்ந்தெடுத்தார்.

இதைக் காதல் என்று சொல்லலாமா, வசதிக்காகச் செய்த ஏற்பாடா என்று கேட்பவர்கள் உண்டு. கிர்க்குக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கணக்குப் போடக் கூட ஒரு கை வேண்டும். மரியாவுக்கு வானியலுக்குள் நுழைய வழி வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் இருவரும் அதற்குப் பிறகு வாழ்ந்த பதினெட்டு ஆண்டுகளைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகமே வருவதில்லை. ஓர் இரவில் ஒருவர் வடக்கு வானத்தைப் பார்ப்பார், மற்றவர் தெற்கைப் பார்ப்பார். தனி ஒருவரால் துல்லியமாகச் செய்ய முடியாத அளவீடுகளை இருவருமாகச் செய்தார்கள். சில நாட்களில் முறை வைத்துக்கொண்டு ஒருவர் தூங்க, மற்றவர் விழித்திருப்பார். தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற தம்பதியிடம் அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இப்படி ஒரு குடும்பம் சாத்தியம் என்பது கிர்க்குக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இளமையில் அவர் தான்சிக் (இன்றைய போலந்தின் கதான்ஸ்க்) நகரில் ஹெவேலியசிடம் வேலை செய்தவர். அங்கே ஹெவேலியசின் மனைவி எலிசபெத் கணவரோடு சேர்ந்து பெரிய கோணமானியில் விண்மீன்களை அளந்துகொண்டிருந்தார். இருவரும் எதிரெதிரே நின்று அளக்கிற செப்புத்தகட்டுப் படத்தை ஹெவேலியஸ் தன் நூலிலேயே அச்சிட்டார்.

1700ஆம் ஆண்டு கிர்க் குடும்பத்தின் நிலை மாறியது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் அரசுகள் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட முடிவு செய்தன. பிப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டது. பெர்லினில் தத்துவஞானியும் கணித மேதையுமான லைப்னிட்ஸ் ஓர் அறிவியல் சங்கத்தை உருவாக்கினார். சங்கத்துக்கு வருமானம் எங்கிருந்து? நாட்காட்டி விற்கும் தனியுரிமையை ஆட்சியாளர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். அந்த நாட்காட்டியைக் கணிக்க அறுபது வயதான கிர்க் சங்கத்தின் வானியலாளராக நியமிக்கப்பட்டார். யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய அறிவியல் சங்கங்களில் ஒன்று, பலன் பார்த்து விதைக்கிற விவசாயியின் காசில் நடந்தது.

இனி 1702 ஏப்ரல் 21ஆம் தேதி விடியற்காலை. கிர்க்கின் குறிப்பிலிருந்து நமக்கு இது தெரிகிறது. வானம் தெளிவாக இருந்தது. சில நாட்களுக்கு முன் கிர்க் ஒளி மாறுகிற ஒரு விண்மீனைக் கவனித்திருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருக்க, மரியா அந்த விண்மீனைத் தானே தேடிப் பார்க்க விரும்பினார். தேடியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு வால்மீன். கணவரை எழுப்பினார். முந்தைய இரவு தான் ஏன் இதைப் பார்க்கவில்லை என்று ஆச்சரியப்பட்டதாகக் கிர்க் எழுதுகிறார்.

ஒரு பெண் வால்மீன் கண்டுபிடித்ததற்கு நமக்குத் தெரிந்த முதல் சான்று இதுதான். ஆனால் செய்தி வெளியானபோது கண்டுபிடித்தவர் பெயர் கிர்க் என்றே போனது. அறிஞர்கள் லத்தீனில் எழுதினார்கள். மரியா ஜெர்மனில் மட்டுமே எழுதினார். இதெல்லாம் காரணமாக இருக்கலாம். என்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எழுப்பியது அவர், பெயர் இவருக்கு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1710இல் சங்கத்தின் முதல் ஆய்வுத் தொகுதியில்தான் கிர்க் உண்மையை எழுதினார்: என் மனைவிதான் அதைப் பார்த்தார் என்று. தாமதம்தான். அந்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அச்சில் அதைப் பதிய வைத்துவிட்டுப் போனாரே, அதற்காக எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

இப்போது சோதிடத்துக்கு வருகிறேன். மரியா தன் பெயரிலேயே சிறு நூல்கள் வெளியிட்டார். 1709இல் சூரியன், சனி, வெள்ளி ஆகியவற்றின் சேர்க்கை பற்றி ஒன்று. பிறகு வியாழனும் சனியும் வானில் எதிரெதிராக நிற்கும் 1712ஆம் ஆண்டு நிகழ்வு பற்றி ஒன்று. தலைப்பைப் பார்த்தால் சோதிட நூல் என்றே தோன்றும். வியாழனும் சனியும் சேர்வதும் எதிர்நிற்பதும் அரசுகள் கவிழும் அறிகுறி என்று சோதிடர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். மக்கள் வாங்குவது அதற்காக. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வானியல் கணக்கு, பலன்கள் கொஞ்சம்தான். லைப்சிக்கிலிருந்து வந்த லத்தீன் அறிவியல் இதழ் இரண்டாவது நூலைப் பாராட்டியது.

மரியா ஜாதகமும் கணித்துக் கொடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவரும் பெர்லின் சங்க உறுப்பினருமான வின்யோல், மரியா இறந்த பிறகு இதைப் பற்றி எழுதினார். நண்பர்கள் கேட்டதால் ஜாதகம் எழுதினார், ஆனால் எப்போதும் விருப்பமில்லாமல்தான் எழுதினார், உதவி செய்தவர்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காக எழுதினார் என்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான வரி இதுதான். சந்தேகம் சோதிடரின் உள்ளேயே இருந்தது. அதே கை வால்மீனின் இடத்தைக் குறித்தது, ஜாதகக் கட்டமும் போட்டது. வருமானத்துக்காக எழுதினார், அதனால் அவர் வானியலாளர் இல்லை என்று சொல்கிறவர்கள் அதே காலத்தில் நாட்காட்டி எழுதிய ஆண்களை அப்படிச் சொல்வதில்லை.

அந்தக் குடும்பத்தின் இன்னொரு வேலையும் இதோடு சேர்ந்தது. 1697 முதல் வீட்டில் நாள்தோறும் வானிலையைக் குறித்து வைத்தார்கள். காற்று, வெப்பம், மழை. பெற்றோரும் பிறகு பிள்ளைகளும் 1774 வரை இதைத் தொடர்ந்தார்கள். ஒரு பக்கம் நாட்காட்டியில் மழை வருமென்று பலன் அச்சாகிறது. மறுபக்கம் அன்று உண்மையில் மழை வந்ததா என்று வீட்டு ஏட்டில் பதிவாகிறது. கிரகங்களை வைத்து வானிலை சொல்ல முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு முற்றிலும் இல்லாமல் போயிருக்காது. இருந்தும், நம்புகிறதைக்கூட நாள்தோறும் சரிபார்க்க வேண்டும் என்று இருந்தார்களே, அந்தப் பழக்கம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1709இல் லைப்னிட்ஸ் மரியாவைப் பிரஷ்ய அரசவைக்கு அறிமுகப்படுத்தினார். இவருடைய துறையில் இவருக்கு இணையானவர் எளிதில் கிடைக்க மாட்டார், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வேதாகமத்தை வைத்தே வாதிடுவதைக் கேட்பது இன்பம், கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர் என்று எழுதினார். புகழ்ச்சிக்குக் குறைவில்லை. வேலைக்குத்தான் குறைவு வந்தது.

1710 ஜூலை 25 அன்று கிர்க் இறந்தார். சில நாட்களில் மரியா சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். கணவர் நோய்வாய்ப்பட்டிருந்தபோது நாட்காட்டியைத் தானே தயாரித்து அவர் பெயரில் வெளியிட்டதைச் சொல்லி, நாட்காட்டி வேலையைத் தனக்கும் தன் மகனுக்கும் தரக் கேட்டார். பெரிய பதவி கேட்கவில்லை. சங்கச் செயலாளர் யாப்லோன்ஸ்கி லைப்னிட்சுக்கு எழுதிய கடிதத்தில், கிர்க் உயிரோடிருந்தபோதே ஒரு பெண் தயாரிக்கும் நாட்காட்டி என்று சங்கத்தைக் கேலி செய்தார்கள், இனி அவரை வைத்துக்கொண்டால் வாய்கள் இன்னும் அகலமாகத் திறக்கும் என்றார். வேலை நன்றாகச் செய்வாரா என்ற கேள்வியே எழவில்லை. ஊர் என்ன பேசும் என்பதுதான் கேள்வி. லைப்னிட்ஸ் துணை நின்றும் பயனில்லை. 1712இல் மறுப்பு உறுதியானது. ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

அப்புறம் மரியா, குரோசிக் என்ற பிரபுவின் சொந்த வானாய்வகத்தில் வேலை செய்தார். குரோசிக் இறந்ததும் மரியா தான்சிக் போனார். 1716இல் மகன் கிறிஸ்ட்ஃபிரீட் பெர்லின் சங்கத்தின் வானியலாளராக நியமிக்கப்பட்டபோது மகனுக்கு உதவியாளராகத் திரும்பினார். விருந்தினர்கள் வரும்போது முன்னால் வந்து பேசக்கூடாது, பேச்சை மகனிடம் விட்டுவிட வேண்டும் என்று சங்கம் கண்டித்தது. அவர் கேட்கவில்லை. ஆய்வக வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1720 டிசம்பரில் காய்ச்சலில் இறந்தார்.

அந்த வீட்டு வேலை அதோடு நிற்கவில்லை. மகள்கள் கிறிஸ்டினும் மார்கரெத்தாவும் அண்ணனுக்குக் கணக்குப் போட்டார்கள். கிறிஸ்டின் பிறகு சிலேசியா மாகாணத்தின் நாட்காட்டியைப் பல ஆண்டுகள் கணித்து, முதுமையில் சங்கத்திடமிருந்து 400 தாலர் (அக்கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) சம்பளமும் பெற்றார். அம்மாவுக்கு மறுத்ததை மகளுக்குக் கொடுத்தார்கள். முதிய கிறிஸ்டினிடம் நாட்காட்டிக் கணக்கின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்ட இளைஞர் யோகான் எலர்ட் போடே, 1774இல் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரையே மணந்தார். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் சனிக்கு அப்பால் ஒரு கோளைக் கண்டபோது, அதற்கு யுரேனஸ் என்று பெயர் சொன்னவர் இந்தப் போடேதான். எந்த ஜாதகக் கட்டத்திலும் அதுவரை இடம் இல்லாத கோள் அது. பழைய பதிவுகளைப் புரட்டி, 1690இலேயே இங்கிலாந்து வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் அதை ஒரு சாதாரண விண்மீன் என்று எண்ணிக் குறித்து வைத்திருந்ததையும் போடே கண்டுபிடித்துச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.