மட்டக்களப்பில் மூன்று குற்று

(வாசிப்பு மாதத்தையொட்டி, கல்முனைப் பக்கத்து நூலகம் ஒன்றில் தரம் ஒன்றுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆற்றிய உரை)

சபையோருக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லியே பிள்ளையை முதல் நாளில் மிரட்டி விடுகிறோம். எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய்யின் உருவம் 18, ஆய்தம் 1. இவற்றுக்கு மேல் குற்று (மெய்யின் தலையில் வைக்கும் புள்ளி), அரவு (கா வில் க வுக்குப் பின் வரும் கால்), இகர வளைவு, ஈகாரச் சுழி, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என்று ஏழு. ஔகாரத்தின் பின்பாதி ள போலவே இருப்பதால் கைக்கு அது புதிதில்லை. ஆக 38. முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசை 36தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது அரிசியில் அ எழுதுவிக்கிறோம். சடங்கு சடங்காக இருக்கட்டும். ஆனால் சுழி, வளைவு, கிடைக்கோடு, நிலைக்கோடு நாலும் சேர்ந்து வருகிற எழுத்து அது. அடுத்த நாளும் அதையே பிடித்து அரைக்காதீர்கள். ட வில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம். வலது நுனியை மேலே ஏற்றினால் ப. ஏற்றியதை உள்ளே வளைத்து இறக்கினால் ம. ஒரே கை ஓட்டத்தில் மூன்று எழுத்து. சுளகில் ஒரு விரல் தடிப்புக்கு மணல் பரப்பி விரலால் எழுதட்டும். காய்ந்த மணல் கோட்டை மூடிவிடும், தண்ணீர் கூடினால் விரலில் ஒட்டும். கையால் தெளித்த ஈரம் போதும்.

மூன்று எழுத்தும் ஒரு குற்றும் இருந்தால் வாசிக்கத் தொடங்கலாம்: படம், பட்டம், மடம், மட்டம். க வைச் சேர்த்தால் கட்டம், பக்கம். படத்துக்கும் பட்டத்துக்கும் நடுவில் நிற்பது ஒரு ட் மட்டுமே. பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடமும் அதுவே.

மட்டக்களப்பு என்று சொல்லிக் கை தட்டுங்கள். மட், டக், க, ளப், பு. ஐந்து தட்டு. எழுத்தோ எட்டு. மிச்ச மூன்றும் குற்று வைத்த எழுத்து. அவற்றுக்குத் தனித் தட்டு கிடையாது, முன் எழுத்தோடு ஒட்டிப் போய்விடும். தட்டுக்கு ஓர் எழுத்து என்று போடுகிற பிள்ளை 'மடகளபு' என்று எழுதும். அது கவனக்குறைவு என்று அடிக்கு ஓங்கினால் அநியாயம். பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. 'மட்' என்கிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்கிறதே, அதைப் பிள்ளைக்கு உணர்த்த வேண்டும். "மட்… நாக்கு எங்க நிக்கிது?" என்று கேளுங்கள். 'ளப்' என்கிறபோது உதடு மூடியிருக்கும். மூடின இடமெல்லாம் ஒரு குற்று.

ஓலையில் எழுதிய காலத்தில் பெரும்பாலும் குற்றே வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலையில் பொத்தல் விழும். 'மடடககளபபு' என்று எழுதியிருப்பதை வாசிப்பவர் தன் காதால் நிரப்பிக்கொள்வார். மொழி முழுக்கத் தெரிந்த பெரியவருக்கு அது சரி. ஐந்து வயதுக்குக் குற்று வேண்டும்.

இன்னொரு தடை எழுத்தின் பெயர். "மானா, இட்டன்னா, டானா, இக்கன்னா, கானா…" என்று கூட்டச் சொன்னால், கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து காதை விட்டுப் போய்விடும். மானா என்ற பெயரில் ம வின் ஓசையே சிதைந்திருக்கிறது. எழுத்தின் பெயரைப் பிறகு படிக்கலாம். கூட்டும்போது ஓசையை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது கொம்பு. கொக்கட்டிச்சோலைக்குப் போகிற பஸ்ஸின் பலகையைப் பாருங்கள். காதுக்கு முதலில் கேட்பது க், கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. எழுதும்போது பிள்ளை க வைப் போட்டுவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் முழிக்கும். இதற்குப் பால்மாப் பெட்டி அட்டை போதும். எட்டுத் துண்டு வெட்டுங்கள். ஐந்தில் க, ட, ப, ம, ல. மற்ற மூன்றில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அரவு. நடுவில் க வை வையுங்கள். வலப்பக்கம் அரவு வைத்தால் கா. அதை எடுத்துவிட்டு இடப்பக்கம் கொம்பு வைத்தால் கெ, இரட்டைக்கொம்பு என்றால் கே. இரண்டு பக்கமும் வைத்தால் கொ, கோ. எட்டுத் துண்டில் 30 எழுத்து. துண்டை நகர்த்துகிற கை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், வாய் ஓசையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னேரம் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளை வலமிருந்து இடமாக வாசித்துப் பழகிக் குழம்பிவிடும் என்று சில உம்மாமார் யோசிப்பதுண்டு. எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தமாதிரித் திருப்பி எழுதுவது ஓதாத பிள்ளைகளிடமும் உண்டு. ஆறு, ஏழு வயதில் தானாகக் குறையும்.

உகரத்தை மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். கீழே கோடு இறங்குவன: ஙு, சு, பு, யு, வு. வளைத்துச் சுற்றுவன: கு, டு, மு, ரு, ழு, ளு. வால் மடிந்து மேலே ஏறுவன: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஒரு கிழமைக்கு ஒரு குடும்பம். ஙு வை விட்டுவிடலாம், யாருக்கும் தேவைப்படாது. ஊகாரம் இதே குடும்பங்களைப் பின்பற்றும். கூ மட்டும் தன் போக்கில் போகும்.

இனி, பெற்றோர் அதிகம் ஏசுகிற இடம். கொப்பியில் இப்படி ஒரு வரி வந்தால் என்ன செய்வீர்கள்?

"நேத்து மள பேஞ்சது. மாட்டுக்கண்டு நனஞ்சி போச்சி."

சிவப்புப் பேனையை எடுத்தால் வரி முழுக்கச் சிவக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியும். பேஞ்சது என்பதில் ஞ்ச சரியாக விழுந்திருக்கிறது, மாட்டு என்பதில் ட் இருக்கிறது. வாயில் உள்ளதை அப்படியே பிடித்திருக்கிறது. நம் வாயில் ஒன்று ஒண்டு, மூன்று மூண்டு, கன்று கண்டு, பன்றி பண்டி. இப்படிப் பேச்சில் புழங்கும் சொற்களில் ன்ற பெரும்பாலும் ண்ட ஆகிறது. அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. வாழைச்சேனையை வாளச்சேன என்றும், அக்கரைப்பற்றை அக்கரப்பத்து என்றும் சொல்லிவிட்டு, எழுதும்போது மட்டும் ழை யும் ற்று வும் எங்கிருந்து வரும்? குற்று என்பதையே குத்து என்றுதானே சொல்கிறோம்.

பிள்ளையின் பேச்சைத் திருத்தாதீர்கள். கொப்பிப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ஒண்டு, கண்டு, பண்டி; வலப்பக்கம் ஒன்று, கன்று, பன்றி. ஒரு கிழமை ன்ற மட்டும் பாருங்கள், மற்றப் பிழைகளை அந்தக் கிழமை கண்டும் காணாமல் விடுங்கள். அழிறப்பரை ஒளித்து வையுங்கள்; பிழை அழிந்து போனால் அது எந்த வகைப் பிழை என்று உங்களுக்கும் தெரியாமல் போகும். 'மடகளபு' கை தட்டித் தீர்க்க வேண்டிய பிழை. 'கண்டு' புத்தகம் வாசித்துக் காட்டித் தீர்க்க வேண்டியது. இரண்டுக்கும் நூறு தரம் எழுது என்பது மருந்தாகாது.

தொலைபேசியில் தமிழ்நாட்டுப் பாட்டுக் காணொளி பார்க்கிற பிள்ளை டீச்சர், டாக்டர் என்று எழுதிக்கொண்டு வரும். நம் பக்கத்தில் ரீச்சர், டொக்டர். ஆங்கில ஓசையை எந்த எழுத்தில் பிடிப்பது என்பதில் இரண்டு கரையும் இரண்டு வழி எடுத்தன, அவ்வளவுதான். பள்ளிக் கொப்பியில் நம் வழக்கம் என்று சொல்லிக் கடந்து போங்கள்.

புள்ளி இணைக்கும் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக் குவிக்கிறோம். அதில் பிள்ளை ப வை வலக்கோட்டிலிருந்து தொடங்கினாலும் முடிவில் அழகான ப தான் தெரியும். தொடங்கிய இடம் தாளில் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் நுனியைப் பார்த்தால்தான் பிடிபடும். அப்படி உட்கார நேரமில்லாத நாளில் எழுத வைக்காமல் விடுவது நல்லது. உட்கார்ந்தால் பத்து, பதினைந்து நிமிடம் போதும். சதுரறூள் கொப்பியில் கெ க்கு இரண்டு சதுரம், கொ வுக்கு மூன்று.

எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் போன அம்மம்மாமார், மூத்தம்மாமார் இருந்தால் அவர்களுக்கு ட, ப, ம வேண்டாம். சொந்தப் பெயரை அட்டையில் பெரிதாக எழுதி, எழுத்து எழுத்தாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். அது கைவந்ததும் தாங்கள் வழக்கமாக ஏறும் பஸ்ஸின் ஊர்ப்பெயர். அதிலே தன் பெயரின் எழுத்து ஒன்று வந்தால் அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள்.

மேசையில் வெட்டாத அட்டை கொஞ்சம் வைத்திருக்கிறேன். கத்தரிக்கோல் இரண்டுதான் இருக்கிறது, முறைவைத்து எடுங்கள்.