முகாமுக்குப் போகும் பிள்ளையின் முதலுதவிப் பை

நேயர்களுக்கு வணக்கம். அரையாண்டு விடுமுறை வந்தால் சாரணர் முகாம், என்.எஸ்.எஸ். முகாம் என்று பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். பிச்சாவரமோ, செஞ்சி மலையடிவாரமோ, கடலூர்க் கடலோரத்துச் சவுக்குத் தோப்போ, எங்கே கூடாரம் போட்டாலும் ஒவ்வொருவரிடமும் தனக்கென ஒரு முதலுதவிப் பை இருக்க வேண்டும்.

வீட்டு மருந்துப் பெட்டியில் பாதியை அதில் கொட்டி அனுப்பாதீர்கள். பெரிய பெட்டி முகாம் பொறுப்பாளரிடம் இருக்கும். பிள்ளைக்குத் தானே பயன்படுத்தத் தெரிந்த பொருள் மட்டும் அதன் பையில் இருந்தால் போதும்.

முகாமில் அதிகம் படுத்துவது கால் கொப்புளம். புது ஷூவும் வியர்த்த காலுறையும் சேர்ந்தால் செஞ்சிக் கோட்டைப் படியில் பாதி ஏறுவதற்குள் குதிகால் எரியும். அந்த எரிச்சல் தொடங்கியதுமே உட்கார்ந்துவிட வேண்டும். காலுறையைக் கழற்றி, தோலை நன்றாகத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு துணிப் பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டலாம். நம் கடலோர வியர்வையில் ஈரத்தோடு ஒட்டினால் அது நழுவிச் சுருண்டு, அந்தச் சுருக்கமே இன்னொரு கொப்புளத்தைக் கிளப்பும். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்தக் கூடாது. மேல்தோல்தான் உள்ளே கிருமி போகாமல் காக்கிறது. ஆகவே ஒன்றரை அங்குல அகலப் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று, சின்னப் பிளாஸ்திரி பத்து, கூடுதலாக இரண்டு ஜோடி பருத்திக் காலுறை.

அடுத்தது வெட்டும் சிராய்ப்பும். கழிமுகச் சேற்றில் ஆளிச் சிப்பி கிழித்த காயத்துக்குள் மண் போயிருக்கும். குடிக்கிற தண்ணீரை ஊற்றி, மண் போகும்வரை அலசுவதுதான் முதல் மருந்து. பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள். இழை ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ரத்தம் மறுபடி வரும். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்துபோகும். உறையிலிட்ட சுத்தமான காஸ் (காயத்தின் மேல் வைக்கும் வலைத்துணி) துண்டு நான்கு, பாவிடோன் அயோடின் களிம்பு சின்னக் குழாய் ஒன்று, நான்கு அங்குல கிரேப் பேண்டேஜ் (இழுத்துச் சுற்றும் கட்டுத்துணி) ஒன்று, கையுறை ஒரு ஜோடி, கருவேல முள் எடுக்க முனை கூர்மையான இடுக்கி, ஊக்கு நான்கு போதும்.

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் பலர் தவறு செய்கிறார்கள். கடையில் 200 மில்லிக்கு ஒன்று, ஒரு லிட்டருக்கு ஒன்று என இரண்டு அளவு உண்டு. லிட்டர் பொட்டலத்தைச் சின்னப் பாட்டிலில் கரைத்தால் உப்பு அளவு மீறும். வயிற்றுப்போக்கில் தவிக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து. பாட்டில் ஒரு லிட்டர் என்றால் லிட்டர் பொட்டலமே வாங்குங்கள், இரண்டு போதும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது.

மாத்திரைகளைப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 500 மில்லிகிராம் ஒரு மாத்திரை, அடுத்ததற்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. மழை முடிந்த இந்தப் பருவத்தில் டெங்கு நடமாடும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மருந்துக் கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள், பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். தேதி இருக்கும் பக்கத்தையே கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமா இன்ஹேலர் மட்டும் எப்போதும் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கட்டும். பொறுப்பாளருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

பாம்புக்கடிக்குக் கயிறும் பிளேடும் வைக்கவே வேண்டாம். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போகலாம். கீறினால் ரத்தம் நிற்காது. பிள்ளையை நடக்க விடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, முதுகுப்பையின் மேல் அறையில் வையுங்கள். கவருக்குள் ஒரு அட்டை: பெயர், பெற்றோர் கைப்பேசி எண், ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா மை மார்கழிப் பனியிலேயே ஊறிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் பிள்ளையையே பையைத் திறந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் அடுக்கிய முறையை அப்போதே மாற்றிவிடலாம். நன்றி, வணக்கம்.