மாலை வகுப்பு தன்னார்வலர்களுக்கு ஆன்லைன் பயிற்சி: ஒரே ஒரு டாக்ஸ் ஃபைல்ல ஆரம்பிங்க

வணக்கம் மக்களே. இந்த வீடியோ பாடம் எடுக்கிறவங்களுக்கு இல்ல. அவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்களுக்கு. இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்கள், நூலகத்துலயும் கோவில் மண்டபத்துலயும் சாயங்காலம் பிள்ளைங்களை உட்கார வெச்சுச் சொல்லிக்கொடுக்கிற அக்காங்க, முதியோர் எழுத்தறிவு வகுப்பு எடுக்கிறவங்க, இவங்களை ஆன்லைன்ல ஒண்ணா சேர்ந்து வேலை செய்யப் பழக்குறது எப்படின்னு பார்க்கப்போறோம்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர்ல விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்துல தொடங்குச்சு. கொரோனாவுல விட்டுப்போன பாடத்தை 1 முதல் 8 வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு மறுபடி பிடிச்சுக்கொடுக்கத்தான் அது வந்துச்சு. 5ஆம் வகுப்பு வரைக்கும் எடுக்க பிளஸ் டூ, அதுக்கு மேல டிகிரின்னு தகுதி வெச்சிருந்தாங்க. அதனால இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் போய் நிக்காதீங்க. ரீல்ஸ் எடுத்து, பாட்டு சேர்த்து, எடிட் பண்ணிப் போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க. பழக்கம் இல்லாதது ஒரே பக்கத்துல நாலு பேர் சேர்ந்து எழுதுறதுதான்.

வழக்கமா நடக்கிற பயிற்சி எப்படி இருக்கும்? ரெண்டு மணி நேரத்துல எட்டு ஆப். பேட்லெட், கஹூட், கேன்வா, அப்புறம் ஜாம்போர்டு. ஜாம்போர்டை கூகுள் 2024 டிசம்பர் 31ஓட மூடிடுச்சு, இன்னும் சில பயிற்சி ஸ்லைடுல அது உட்கார்ந்திருக்கு. ஆப் வரும், போகும். சேர்ந்து எழுதுற பழக்கம் வந்துட்டா எந்த ஆப்பையும் அவங்களே பிடிச்சுக்குவாங்க. அதனால நான் சொல்றது ஒரே கருவி, ஒரே வேலை. கருவி கூகுள் டாக்ஸ், ஒரே ஃபைல்ல பல பேர் ஒரே நேரத்துல எழுதக்கூடிய ஆப். வேலை, அவங்க எப்படியும் தயார் பண்ணியாகவேண்டிய வாரப் பாடக் குறிப்பு. பயிற்சிக்குன்னு தனியா ஒரு வேலை கொடுத்தா பயிற்சி முடிஞ்ச அன்னைக்கே அந்த ஃபைல் செத்துடும்.

12 பேர் ஒரு குழுன்னு வெச்சுக்குங்க. மூணு மூணு பேரா நாலா பிரிங்க. நாலு வாரம், வாரத்துக்கு ஒரு மீட். மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா இலவச கூகுள் மீட் 60 நிமிஷத்துல கட் ஆகும். இலவச ஜூம் எத்தனை பேர் இருந்தாலும் 40 நிமிஷத்துல. அதனால 45 நிமிஷத்துக்குத் திட்டம் போட்டு கூகுள் மீட்லயே வெச்சுக்குங்க.

முதல் வாரம் பாடம் பக்கமே போகாதீங்க. முழுக்க அக்கவுண்ட் வேலை. நம்ம ஊர்ல பாதி ஜிமெயில் போன் கடைக்காரர் ஆரம்பிச்சுக் கொடுத்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, ரெகவரி நம்பர் கடை நம்பராவே இருக்கும். போன் மாத்துன அன்னைக்கு அந்த அக்கவுண்ட் போச்சு. ஒவ்வொருத்தரையும் போன் செட்டிங்ஸ்ல கூகுள், அதுல செக்யூரிட்டி போய், ரெகவரி போன் தன்னோட நம்பர்தானான்னு பார்க்கச் சொல்லுங்க. வீட்டுக்காரர் அக்கவுண்ட், பையன் அக்கவுண்ட்னு ஒரே போன்ல ரெண்டு மூணு இருக்கும். எதுல வேலை செய்யப்போறாங்கன்னு முடிவு பண்ணி அந்த முகவரியை மட்டும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. பின்னாடி வர்ற "எனக்கு ஓபன் ஆகல மேடம்" பெரும்பாலும் இங்கதான் தொடங்குது: நீங்க ஒரு முகவரிக்கு ஷேர் பண்ணியிருப்பீங்க, அவங்க இன்னொண்ணுல திறப்பாங்க.

அடுத்து டாக்ஸ் ஆப். ஆப் இல்லாம போன்ல லிங்கைத் தொட்டா பிரவுசர்ல திறக்கும். படிக்க முடியும், எழுத முடியாது. பிளே ஸ்டோர்ல டாக்ஸ்னு தேடுனா அதே மாதிரி நீல ஐகானோட வேற கம்பெனி ஆப்பும் வரும், கூகுளோடதுதானான்னு பார்த்து இன்ஸ்டால் பண்ண வைங்க.

தமிழ் டைப்பிங்கையும் அன்னைக்கே முடிச்சுடுங்க. ஜிபோர்டு, அதாவது கூகுள் கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழைச் சேர்த்தா, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத் தமிழா வர்ற முறையும் இருக்கு, கையால எழுதுற முறையும் இருக்கு. வேகமா எழுதணும்னா மைக். தமிழை நல்லாவே பிடிக்குது, ஆனா நிறுத்தற்குறி பெரும்பாலும் வராது, கையால போட்டுக்கணும். இன்னொரு சிக்கல் பழைய ஃபைல். வானவில், பாமினி ஃபான்ட்ல அடிச்ச வேர்டு ஃபைலை டிரைவ்ல ஏத்துனா போன்ல இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாத் தெரியும். வைரஸ்னு பயந்துடுவாங்க. அந்த ஃபான்ட் போன்ல இல்ல, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்ல என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போட்டு எந்த போன்லயும் தெரியுற யூனிகோடு எழுத்துக்கு மாத்திட்டு ஏத்துங்க.

இப்ப ஃபைல். கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து அஞ்சு நெடுவரிசை வெச்சு டேபிள் போட்டு அழகா வடிவமைக்கத் தோணும். வேண்டாம். போன் திரையில ஒரு நெடுவரிசைக்குள்ள ரெண்டு எழுத்துதான் தெரியும், பக்கவாட்டுல தள்ளித் தள்ளிப் படிக்கிறதுக்குள்ள ஆள் மூடி வெச்சுட்டுப் போயிடுவாங்க. டேபிளே இல்லாம, வகுப்பு நடக்கிற ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு தலைப்பு, ஸ்டைல்ல ஹெடிங் 1. அதுக்குக் கீழ நாலு சின்னத் தலைப்பு: என்ன பாடம், என்ன செயல்பாடு, என்ன பொருள் வேணும், வகுப்புல என்ன நடந்துச்சு. ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருந்தா போன்ல மூணு புள்ளியைத் தொட்டு டாக்குமென்ட் அவுட்லைன் போனா நேரா அவங்க மையத்துக்குப் போயிடலாம். அதே மூணு புள்ளியில பிரிண்ட் லேஅவுட்டை அணைச்சுட்டா எழுத்து திரை அகலத்துக்குத் தானா மடங்கும். சின்ன விஷயம்தான், ஆனா அதுக்கப்புறம்தான் படிக்கவே செய்வாங்க.

ரெண்டாவது வாரம் எழுத விடுங்க. இங்க ஷேரிங்ல எல்லாரும் செய்றது, லிங்க் இருக்கிற யார் வேணா எடிட் பண்ணலாம்னு திறந்து வாட்ஸ்அப்ல போட்டுடறது. அந்த லிங்க் நாலு குரூப் தாண்டி எங்கயோ போகும். யார் எதை அழிச்சாங்கன்னே தெரியாது, உள்ள வர்றவங்க பேருக்குப் பதிலா அனானிமஸ்னு ஏதாவது ஒரு மிருகத்தோட பேர் நிக்கும். ஷேர்ல ஜெனரல் ஆக்சஸை ரெஸ்ட்ரிக்டட்ல (நீங்க சேர்த்தவங்க மட்டும் திறக்கலாம்) வெச்சுட்டு, முதல் வாரம் வாங்குன 12 முகவரியையும் பேர் பேரா எடிட்டரா சேர்த்துடுங்க. பத்து நிமிஷ வேலை.

அப்படியும் யாராவது ஒருத்தர் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி அழிச்சுடுவார். கண்டிப்பா நடக்கும், திட்டாதீங்க. அழிச்சவருக்குக் கை நடுங்கிப்போயிருக்கும், திட்டுனா திரும்ப அந்தப் பக்கமே வரமாட்டார். கம்ப்யூட்டர்ல ஃபைல் மெனு, வெர்ஷன் ஹிஸ்டரி, பழைய நேரத்தைத் தொட்டு ரிஸ்டோர். இதை எல்லார் முன்னாடியும் மீட்ல நீங்களே வேணும்னே அழிச்சு, மீட்டுக் காட்டிடுங்க. பயம் போறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

மீட்ல இருந்துக்கிட்டே டாக்ஸைத் திறங்கன்னு சொல்லாதீங்க. சின்ன போன்ல ரெண்டும் ஒண்ணா ஓடுனா போன் திணறும், ஒருத்தர் திரும்பி வர வழி தெரியாம நிப்பார். பத்து நிமிஷம் பேசுங்க, மீட்டை விட்டு வெளிய அனுப்புங்க, இருபது நிமிஷம் எழுதட்டும், திரும்ப அதே லிங்க்ல வரச் சொல்லுங்க. அந்த இருபது நிமிஷம் நீங்க ஃபைல்ல இருங்க. யாரோட கர்சர் அசையலயோ அவங்களுக்குப் போன் போடுங்க.

மூணாவது வாரம் கமென்ட். எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான், ஏன்னா இங்கதான் ஆசிரியரா யோசிக்க ஆரம்பிக்கிறாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். மூணாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல், 52 - 27. ஒருத்தர் செயல்பாடு எழுதுறார்: ஐஸ் குச்சி 52, பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு அஞ்சு கட்டு, தனியா ரெண்டு. ஒரு கட்டைப் பிரிச்சா தனிக் குச்சி 12 ஆகும், அதுல ஏழை எடு, மீதி நாலு கட்டுல ரெண்டை எடு, 25. இன்னொரு மையத்துக்காரர் கமென்ட் போடணும். "சூப்பர் அக்கா"ன்னு போட்டா அது கணக்குல சேராது. என்ன கேட்கணும்னு நீங்க முன்னாடியே கொடுத்துடுங்க: உங்க பிள்ளைங்க இதுல எந்தத் தப்பான விடை சொல்லுவாங்க, ஏன்? அப்ப வரும் பதில்: 35 சொல்லுவாங்க, மேல சின்ன எண் இருந்தா திருப்பிப் போட்டு ஏழுல இருந்து ரெண்டைக் கழிச்சுடுவாங்க. இது வந்துச்சுன்னா முதல் ஆள் தன் செயல்பாட்டைத் திருத்துவார்: "ரெண்டு குச்சியில இருந்து ஏழு குச்சியை எடுத்துக் காட்டு"ன்னு பிள்ளையைக் கேட்டுட்டு, எடுக்க முடியாம நின்னப்புறம் கட்டைப் பிரிக்க வைக்கணும்னு ஒரு வரி சேரும். சேர்ந்து எழுதுறதோட பலன் அந்த ஒரு வரி.

போன்ல கமென்ட் போட அந்த வார்த்தையை அழுத்திப் பிடிச்சு ஆட் கமென்ட். ஒருத்தரைக் கூப்பிடணும்னா அட் குறி போட்டு அவர் முகவரி. ஆனா அந்த அறிவிப்பு மெயிலுக்குப் போகும், இவங்க மெயில் திறக்கவே மாட்டாங்க. அதனால "செல்வி அக்கா குறிப்புல கேள்வி இருக்கு"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போடுறதை வழக்கமாக்குங்க. ஃபைல் லிங்கை குரூப் டிஸ்கிரிப்ஷன்ல வெச்சுடுங்க. பின் பண்ணுன மெசேஜ் அதிகபட்சம் 30 நாள்தான் நிக்கும், சும்மா போட்டது காலை வணக்கம் படத்துக்கு அடியில போயிடும்.

நாலாவது வாரம் வருகைப் பதிவுக்கு ஷீட்ஸ், அதாவது கூகுளோட கட்டம் போட்ட கணக்கு ஃபைல் கேட்பாங்க. ரெண்டு எச்சரிக்கை மட்டும். ஃபைல் செட்டிங்ஸ்ல லொக்கேல் (எந்த நாட்டு முறைங்கிறது) இந்தியான்னு இல்லாம அமெரிக்கான்னு இருந்தா 5/8ன்னு அடிச்சது ஆகஸ்ட் 5 இல்லாம மே 8 ஆகிடும். அப்புறம், பிள்ளைங்க ஆதார் நம்பரை அதுல போடவே கூடாது, போட்டோவும் பெற்றோர் போன் நம்பரும் தேவை இருந்தா மட்டும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தைதான், விவரம் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேணும்.

கடைசியா, ஃபைல் யார் அக்கவுண்ட்ல இருக்குன்னு பாருங்க. இலவச அக்கவுண்ட்ல ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபி. ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப அதுலதான் போகுது. ஓனர் அக்கவுண்ட் நிரம்பிட்டா அந்த ஃபைலை மத்தவங்களும் எடிட் பண்ண முடியாமப் போகலாம், இவங்க தங்க போன்லதான் கோளாறுன்னு நினைச்சுக்குவாங்க. தன்னார்வலர் கல்யாணம் ஆகி வெளியூர் போவார், வேலை கிடைச்சுப் போவார். போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஷேர் திறந்து, புது ஆள் பேர் பக்கத்துல டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப் கொடுக்கச் சொல்லுங்க. அனுப்புனா மட்டும் மாறாது, புது ஆள் தன் மெயிலைத் திறந்து அக்செப்ட் கொடுக்கணும். பக்கத்துல உட்கார்ந்து கொடுக்க வெச்சுடுங்க.