டிக் குறியும் பசை வாடையும்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டுச் சாமான் கம்பெனிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓடி ஜெயித்தவள் இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு ஷூ ஃபேக்டரியில் குளோசிங் டிபார்ட்மென்டில் மெஷின் ஓட்டியவள். ஷூவின் மேல்பாகத்தை ஒட்டுவதும் தைப்பதும் அங்கேதான். இன்றைக்கும் ஒரு டாக்கி, அதாவது ஸ்போர்ட்ஸ் ஷூ, கையில் கிடைத்தால் உள்தையலைத்தான் புரட்டிப் பார்ப்பேன். என் பேரனுக்கு வேண்டியது பக்கத்தில் இருக்கிற அந்த டிக்!

அந்த டிக் நைக்கியுடையது. 2018 ஆகஸ்டு உங்களுக்கு நினைவிருக்கும். கிரீஸ் நாட்டுக் கடற்கரையில் நின்று நம் ஊர் ஆள் ஒருவர் கறுப்பர்களை இழிவாகப் பேசிய வீடியோ போனுக்குப் போன் பறந்தது. அவர் நைக்கியில் வேலை பார்க்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். உண்மையில் அங்கே வேலை பார்த்தது அவர் இல்லை, அவர் குடும்பத்தில் ஒருவர். ஆனாலும் சட்டென்று இங்கே சில நைக்கி கடைகளை இழுத்து மூடினார்கள். ஜனங்கள் கொதித்தது நியாயம்தான், அந்தப் பேச்சு அப்படி. நான் கேட்பது வேறு. பேருக்குக் கீறல் விழுந்தால் இத்தனை வேகம் காட்டுகிறவர்கள், தைக்கிற கைக்கு என்ன வேகம் காட்டினார்கள்?

1992-இல் ஜெஃப் பாலிஞ்சர் என்ற அமெரிக்கர் இந்தோனேசியத் தொழிலாளி ஒருத்தியின் சம்பளச் சீட்டை அப்படியே பத்திரிகையில் போட்டார். கணக்குப் பார்த்தால் மணிக்கு 14 அமெரிக்க சென்ட். ஃபேக்டரி எங்களுடையது இல்லையே என்றது கம்பெனி. வாஸ்தவம், நைக்கி தன் ஷூவைத் தானே தைப்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இனி பசை. பசை என்று ஆரம்பித்தால் என் வாய் மூடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். டின்னைத் திறந்து பிரஷ்ஷால் லைனிங்கில் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். ஈரப்பசையில் தூசி படியுமென்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். டீ டைமுக்குள் தலை கனக்கும். ஆளுக்கொரு கிராண்ட்பா தலைவலிப் பவுடரை நாக்கில் கொட்டிக்கொண்டு மறுபடி மெஷினில் உட்காருவோம். ஓவராலைக் கழற்றினாலும் வாடை தலைமுடியில் நிற்கும். சாட்ஸ்வர்த் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வாடைக்கு டொலுயீன் என்று பேர் இருப்பது யாருக்குத் தெரியும்? தின்னர் என்போம், அவ்வளவுதான்.

1997-இல் நைக்கி நியமித்த தணிக்கையாளர்களின் அறிக்கையே வெளியே கசிந்தது. வியட்நாமில் ஒரு ஃபேக்டரியின் சில பகுதிகளில் இதே டொலுயீன் அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைப்போல 177 மடங்கு வரை இருந்தது. வேலைக்காரர்களில் 77 சதவீதம் பேருக்கு மூச்சுக் கோளாறு. படித்துச் சொன்னபோது எனக்குத் தொண்டையே கரகரத்தது.

அடுத்த வருஷம் மே மாதம் ஃபில் நைட், அதாவது முதலாளியே, மேடையேறினார். எங்கள் பொருள் என்றாலே அடிமைக் கூலி, கட்டாய ஓவர்டைம், கண்டபடி கொடுமை என்றாகிவிட்டது என்று அவர் வாயாலேயே சொன்னார். ஷூ ஃபேக்டரியில் 18 வயதுக்குக் கீழே ஆள் எடுப்பதில்லை, காற்றை அமெரிக்க அளவுக்குச் சுத்தமாக வைப்போம் என்றார். பசையும் மாறத் தொடங்கியது. அதற்கு நான் கைதட்டுவேன். கூலியை ஏற்றுகிறேன் என்று மட்டும் அன்றைக்கு வாக்குக் கொடுக்கவில்லை. சம்பளச் சீட்டில் ஆரம்பித்த சண்டை, கவனியுங்கள், சம்பளத்துக்கு வராமலே நின்றது.

நம் பக்கத்திலும் 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி இறங்க இறங்க ஃபேக்டரிகள் மூடின. என்னோடு பவுடர் பங்கு போட்டவர்கள் பலர் வேலையிழந்தார்கள்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சென்று கை காட்டுகிறார்கள். செயற்கைக் கால்களோடு ஓடிய நம் ஓட்டக்காரர் பிஸ்டோரியஸ் கதைக்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன். ‘துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டா நான்’ என்று நைக்கி அவரை வைத்து ஒரு விளம்பரம் போட்டிருந்தது. 2013 பிப்ரவரி 14 அன்று அவர் காதலியைச் சுட்டார். விளம்பரம் மறைந்தது, சில நாளில் ஒப்பந்தமும் நிறுத்திவைக்கப்பட்டது. நம் ரக்பி அணியின் ஸ்பிரிங்பாக் ஜெர்சியைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. செய்தி வரப்போகிறதாம். வணக்கம்.